முடிவை மட்டும் சொல்லு

மகன் கல்யாணத்துக்கு முந்தின மாதம் ஒரு பேய்க்கதை படித்தேன். லாரி டிரைவர் ஒருவர் மைல்கல் பக்கத்தில் நிற்கும் பெண்ணை வண்டியில் ஏற்றிக்கொள்கிறார். அவள் செத்துப்போய் வருஷக்கணக்கு ஆகிவிட்டது என்பது படிக்கிற எல்லாருக்கும் தெரிகிறது, அந்த டிரைவருக்கு மட்டும் தெரிவதில்லை. அதைக்கூட மன்னித்துவிடலாம். சுண்ணாம்புக்கல் ஏற்றிய வண்டி மேட்டில் சிட்டாய்ப் பறந்தது என்று கதாசிரியர் எழுதியிருக்கிறார் பாருங்கள், அதை மன்னிக்க முடியாது. ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு கல் சுரங்கத்தில் எடைமேடை ஆபீசில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். கல் ஏற்றிய லாரி மேட்டில் முக்கி முனகித்தான் ஏறும். எழுதியவர் சொந்த ஊரில் சைக்கிள்கூட ஓட்டியிருக்க மாட்டார்.

பேய் ஏறினால் வண்டியின் எடை கூடுமா என்று எனக்கு ஒரு சந்தேகம். மறுநாள் எடைக்கு வந்து நின்ற டிரைவர் ஒருவரிடம் கேட்டேன்.

"கிளீனர் பையன் ஒக்காந்திருந்தாலே எறக்கி வுட்டுட்டுத்தான் எடை போடுறீங்க. பேய மட்டும் சும்மா வுட்டுருவீங்களாக்கும்?" என்றார். சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இதையெல்லாம் யாரிடமாவது விரிவாகச் சொல்ல வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. ஓசூரில் வேலை பார்க்கும் மகனுக்குப் போன் செய்தேன். "சரிப்பா, சாப்டீங்களா?" என்று கேட்டான். கதையை நான் பாதிகூடச் சொல்லியிருக்கவில்லை. போனில் வாசகர் குழு ஒன்றில் சேர்ந்திருந்தேன். பேய்க்கதை படிப்பவர்கள் அறுபது பேர் இருக்கிற குழு. அதில் பதினொரு நிமிஷத்துக்கு என் அபிப்பிராயத்தைப் பேசி அனுப்பினேன். ஒரு நிமிஷத்திலேயே ஒருவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டார். பதினொரு நிமிஷப் பேச்சை ஒரு நிமிஷத்தில் கேட்கிற வித்தை எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வரை நான் ஒரு பேய்க்கதைகூடப் படித்ததில்லை. எங்கள் வீட்டில் அதைப் படித்தவள் என் மனைவி. பெரம்பலூர்ப் பக்கம் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம், பஸ் ஸ்டாண்டில் ஒரு கடையில் பழைய நாவல்கள் இரண்டு மூன்று வாங்கி வருவாள். அட்டையில் தலைவிரி கோலமாக ஒரு பெண், பின்னால் ஒரு நிலா, மூலையில் ஒரு பூனை. உடையார்பாளையத்தை ஒட்டிய எங்கள் ஊரில் மற்ற பெண்கள் சீரியல் பார்க்கிற நேரத்தில், இவள் அடுப்படியில் மணைக்கட்டை போட்டு உட்கார்ந்து பேயோடு இருப்பாள்.

நான் வேலை முடிந்து வந்து சாப்பிட உட்காரும்போது ஆரம்பிப்பாள். "ஏங்க, இந்தக் கதையில என்னா நடந்துச்சுன்னு கேளுங்களேன்."

நான் போனைப் பார்த்துக்கொண்டே ஒரு 'ம்' போடுவேன். நாலு வரி சொல்வாள். அதற்குமேல் எனக்குப் பொறுமை கிடையாது. "கதைய வுடு. முடிவ மட்டும் சொல்லு" என்பேன்.

"முடிவ சொல்லிப்புட்டா அப்பறம் என்னா இருக்கு?" என்பாள். சாம்பார்ச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். சில நாள் நான் எதுவும் சொல்லாமலேயே அவளாகப் பாதியில் நிறுத்திவிடுவாள். நிறுத்தியது எனக்குத் தெரியாது. கை கழுவப் போகும்போதுதான் வீடு அமைதியாக இருப்பது உறைக்கும். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம் இப்படித்தான் போனது. இதில் எனக்கு அப்போது ஒரு குறையும் தெரியவில்லை. நல்ல புருஷன் என்றுதான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடிக்கிறது என்று படுத்தாள். நான் வேலையிலிருந்து கிளம்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இறப்புச் சான்றிதழுக்கு அவளுடைய ஆதார் கார்டைத் தேடி பீரோவைத் திறந்தபோது, புடவைகளுக்கு அடியில் நாற்பது ஐம்பது நாவல்கள் இருந்தன. கார்டு ஒரு புத்தகத்துக்குள் இருக்குமோ என்று ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தாள். எட்டாவதோடு நின்றவளின் குண்டு குண்டான கையெழுத்து.

மலைமேல் ஒரு பங்களா, புதுசாகக் கல்யாணமானவர்கள், ராத்திரியில் கொலுசுச் சத்தம் என்று போகிற ஒரு கதை. அதன் கடைசிப் பக்கத்தில் இவள் எழுதியது: 'அஞ்சு நாளா இவ அடுப்படிப் பக்கமே போவல. என்னாத்த தின்னாங்க?' மாமியார் வீட்டில் மருமகளைக் கிணற்றில் தள்ளிவிடுகிறார்கள், அவள் பேயாக வந்து ஒவ்வொருவராகப் பழிவாங்குகிறாள், கடைசியில் மந்திரவாதி அவளைப் பிடித்துக் குடத்தில் அடைக்கிறான் என்று இன்னொரு கதை. அதற்கு இவள் தீர்ப்பு: 'இவள ஏன் அடைக்கணும்? அந்த மாமனார அடைங்கடா.'

பீரோவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். துக்கத்துக்கு வந்து தங்கியிருந்த அவள் தங்கச்சி ஓடிவந்து பார்த்தாள். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். புத்தகத்தைக் காட்டினேன். அவளும் படித்துவிட்டுச் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

அன்றைக்கு ஆரம்பித்த படிப்பு. எடைமேடையில் ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் படிப்பேன். படித்து முடித்ததும் அவள் வரிக்குக் கீழே என் அபிப்பிராயத்தைப் பேனாவில் எழுதுவேன். பங்களாக் கதைக்குக் கீழே, 'பேய்கள் ஏன் எப்போதும் மலைமேலேயே குடியிருக்கின்றன? எங்கள் அரியலூர் வெயில் ஒத்துக்கொள்ளாதா?' என்று எழுதினேன். கிணற்றுக் கதைக்கு, 'நீ சொன்னது சரி. மாமனாரைத்தான் அடைத்திருக்க வேண்டும்' என்று எழுதினேன். சில கதைகளில் அவளோடு எனக்குச் சண்டையே வந்திருக்கிறது. ஒரு பேயை அவள் 'பாவம்' என்று எழுதியிருந்தாள். அரைப் பக்கம் மறுத்து எழுதினேன். அவள் உயிரோடு இருந்த காலத்தில் நாங்கள் இவ்வளவு பேசிக்கொண்டதில்லை.

ஒன்றரை வருஷத்தில் அந்தப் புத்தகங்கள் தீர்ந்துபோயின. நானே பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அதே கடையில் வாங்க ஆரம்பித்தேன். கடைக்காரர் என் முகத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்து, "வூட்டுல படிக்கிறாங்களா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

புதிதாக வாங்கிய புத்தகங்களில் கடைசிப் பக்கம் காலியாக இருந்தது. செத்துப்போன கணவன் தினமும் சாயங்காலம் காப்பி குடிக்க வருகிறான், மனைவியும் ஒன்றும் கேட்காமல் டம்ளரை எடுத்து வைக்கிறாள் என்று ஒரு கதை. நான் படித்ததில் அதுதான் நல்ல கதை. யாரும் அலறுவதில்லை, ரத்தம் இல்லை. அவளாக இருந்தால் இதற்கு என்ன எழுதியிருப்பாள் என்று பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். மேலே இரண்டு விரல் இடம் விட்டுவிட்டுக் கீழே என் அபிப்பிராயத்தை எழுதினேன். எதிரே இரண்டு லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஒரே ஒரு தடவை அவள் குரலில் அவள் அபிப்பிராயத்தைக் கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தது. வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அதற்கு ஒரு வழி இருந்தது. எங்கள் பக்கத்தில் பூவும் பொட்டுமாகப் போன பெண் அந்த வீட்டுக்குச் சாமி. பூவாடைக்காரி என்போம். வீட்டில் கல்யாணம் வந்தால் முதல் அழைப்பு அவளுக்குத்தான். கலசத்தோடும் பம்பைக்காரர்களோடும் ஏரிக்கரைக்குப் போய் அவளைக் கூப்பிடுவார்கள். வீட்டுப் பெண்களில் யாராவது ஒருத்திமேல் அவள் இறங்குவாள். என்ன குறை என்று கேட்பார்கள். அவள் சொல்வாள். பிறகு வீட்டுக்கு அழைத்துவந்து புடவை வைத்துப் படைப்பார்கள். வெளியூர்க்காரர்கள் எழுதும் கதைகளில் செத்தவள் வந்தால் தாழ்ப்பாள் போடுகிறார்கள். நாங்கள் மேளம் வைத்துக் கூப்பிடுகிறோம்.

இந்தச் சடங்கில் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. என் கல்யாணத்தின்போது அப்பாவின் முதல் சம்சாரத்தை அழைத்தார்கள். நான் சட்டைக் கை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது மகன் கல்யாணம் முடிவானதும், மண்டபம் பார்ப்பதற்கு முன்னால் நான் போய்ப் பார்த்தது பம்பைக்காரரைத்தான். மகனுக்கே ஆச்சரியம். "நீங்களாப்பா இதெல்லாம்?" என்றான்.

கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பொழுது இறங்குவதற்கு முன்னால், முந்திரித் தோப்பைத் தாண்டி ஏரிக்கரைக்குப் போனோம். பங்காளிகள், பெண்கள் என்று இருபது முப்பது பேர். பெண் வீட்டிலிருந்தும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். தண்ணீர் ஓரத்தில் கலசத்தை வைத்து வேப்பிலை சொருகி, பூப் போட்டு, பம்பையை அடிக்கத் தொடங்கினார்கள். பம்பைக்காரர் அவளைத் தாயே என்று கூப்பிட்டுப் பாடினார். அவள் வாழ வந்த கதையை, பிள்ளை பெற்ற கதையை, ஒரு மத்தியானத்தில் போன கதையை எல்லாம் பாட்டில் கொண்டுவந்தார்.

அவள் தங்கச்சிதான் ஆடினாள். பெரம்பலூரில் தையல் கடை வைத்திருக்கிறாள், அதிர்ந்து பேசாதவள். அவளுக்குக் கொண்டை அவிழ்ந்து, கண் செருகி, உடம்பு முழுக்க உதறியது. பெண்கள் குலவை போட்டார்கள்.

"வந்திருக்கிறது யாரு?" என்று பம்பைக்காரர் கேட்டார்.

"நாந்தான். இந்த வூட்டு மருமவதான் வந்திருக்கன்."

"மனங்குளுந்து சொல்லு தாயி. என்னா குறை ஒனக்கு?"

"எனக்குப் பச்சப் பொடவ வேணும். ஆடி மாசம் பொங்க வைக்கணும். எம்புள்ளய நான் காப்பாத்துவன். முன்னாடி நின்னு கல்யாணத்த நடத்திக் குடுப்பன்."

என்னைச் சுற்றி நின்றவர்கள் கும்பிட்டார்கள். பச்சைப் புடவையா? பஸ் சீட்டுத் துணி மாதிரி இருக்கிறது என்று பச்சையை அவள் தொடக்கூட மாட்டாள். காப்பாத்துவன், நடத்திக் குடுப்பன் என்றெல்லாம் அவள் பேசி நான் கேட்டதே இல்லை. அவள் எழுதிய ஒவ்வொரு வரியையும் இரண்டு வருஷமாக மனப்பாடமாக வைத்திருக்கிறேன். ஒரு வரியிலும் ஊசி குத்தாமல் விட மாட்டாள். இவளோ எந்த மலிவு நாவலை எடுத்தாலும் தொண்ணூறாம் பக்கத்தில் பேய் பேசுகிற வசனத்தைப் பேசிக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. படிக்கிறவன் கோபம்தான் அது, வேறொன்றும் இல்லை. மட்டமான பக்கம் வந்தால் புத்தகத்தைத் தூக்கி எறிகிற அதே கோபம்.

அந்த நேரத்தில் ஆடிக்கொண்டிருந்தவளின் தலை மெதுவாக என் பக்கம் திரும்பியது. உதறல் நின்றிருந்தது. வாய் லேசாகத் திறந்தது.

"இது அவ இல்ல!" என்று கத்தினேன். "அவ இப்புடிப் பேச மாட்டா. போதும், நிறுத்தச் சொல்லுங்க."

பம்பை நின்றுவிட்டது. கொழுந்தியாள் நின்ற இடத்திலேயே சரிந்து விழுந்தாள். யாரோ தண்ணீர் தெளித்தார்கள். எழுந்து உட்கார்ந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, என்ன நடந்தது என்று தெரியாமல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

எங்கள் பங்காளி வீட்டுப் பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "வந்த சாமிய வேத்தாளுன்னு சொன்னவன ஒன்னத்தான்யா பாக்குறன். அறிவிருக்கா ஒனக்கு?"

மறுபடி அடித்தார்கள். இருட்டுகிற வரைக்கும் அடித்தார்கள். பம்பைக்காரருக்குக் குரல் கட்டிக்கொண்டது. யார்மேலும் யாரும் வரவில்லை. கடைசியில் தண்ணீரை மொண்டு கலசத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். பச்சைப் புடவை வாங்கி வைத்துப் படைத்தோம். பெண் வீட்டார் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மகன் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனான். "புடிக்கலன்னா சும்மா நின்னுருக்கலாம்லப்பா? இது என்னா கதப் பொஸ்தகமா, நீங்க நொட்ட சொல்றதுக்கு?" என்றான். அவன் என்னிடம் அப்படிக் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. ஆனால் உள்ளுக்குள் என் தீர்ப்பு சரி என்றுதான் நினைத்தேன். அவள் பேச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மறுநாள் காலையில் பிள்ளையும் மருமகளும் பெண் வீட்டுக்கு மறுவீடு போனார்கள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசியாகக் கிளம்பியது கொழுந்தியாள். அரியலூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றாள். டூவீலரில் ரோட்டு நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டேன். மூன்று நாளும் அவளிடம் நான் பேசவில்லை. அவளாகவும் பேசவில்லை. ஊர்ப் பெண்கள் அவளை நடிப்புக்காரி என்று சொன்னது என் காதிலும் விழுந்திருந்தது.

"தப்பா எடுத்துக்காதம்மா" என்றேன். "ஒன்னயச் சொல்லல. அவ பச்ச கட்ட மாட்டா, ஒனக்கே தெரியும். அந்த ஆத்திரத்துல கத்திப்புட்டன்."

"அது எல்லாச் சாமியும் கேக்குறதுதான் மாமா" என்றாள். "பொடவ, பொங்க, புள்ளயக் காப்பாத்துறன். மொத மொத வாயில வர்றது அதுதான். எங்க அம்மாச்சி எறங்குனப்பயும் அதான் கேட்டாங்க. அத நான் சொன்னனா, அக்கா சொல்லுச்சான்னு எனக்கே தெரியாது."

"அப்பறம் என்னா?"

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள். கல் லாரி ஒன்று போனது. புழுதி அடங்கிய பிறகுதான் பேசினாள்.

"அதெல்லாம் சொல்லி முடிச்சப்பறம் ஒடம்பு அப்புடியே குளுந்துபோச்சு மாமா. ஆட்டம் நின்னுடுச்சு. சுத்தி யாரையுமே தெரியல, நீங்க மட்டுந்தான் தெரிஞ்சீங்க. தொண்ட வரைக்கும் ஒண்ணு வந்துச்சு. அது என்னுது இல்ல. உங்களுக்குச் சொல்றதுக்குன்னு வந்துச்சு. வாயத் தொறந்தன். நீங்க கத்துனீங்க. போயிடுச்சு."

"என்னா வந்துச்சு?" என்று கேட்டேன். "ஒரு வார்த்தகூடவா ஞாவகம் இல்ல?"

"இல்ல மாமா. நானும் மூணு நாளா நெனச்சு நெனச்சுப் பாக்குறன். நீங்க பொண்டாட்டியப் பறிகொடுத்தீங்க, நான் அக்காவப் பறிகொடுத்தன். எனக்கும் கேக்கணும்னுதான் இருந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அக்கா போன்ல சொல்லும். மாமா எதையும் கடைசி வரைக்கும் கேக்க மாட்டாருடின்னு. சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்லும்."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக, "ஒடம்பப் பாத்துக்கங்க மாமா. போயிட்டு வரேன்" என்றாள். தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்தபோது பந்தல்காரர்கள் கடைசிக் கம்பையும் பிடுங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் போனார்கள். வாசலில் வாழை மரம் கட்டியிருந்த இடத்தில் சருகும் தண்ணீரும் கிடந்தன. கதவைத் திறந்தேன், உள்ளே போகக் கால் வரவில்லை. அறுபது எழுபது பேய்க்கதை படித்திருக்கிறேன். ஒன்றுகூட என்னைப் பயமுறுத்தியதில்லை என்று அந்த வாசகர் குழுவில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் பட்டப்பகலில், என் சொந்த வீட்டு வாசலில், எனக்கு வேர்த்துக் கொட்டியது. உள்ளே யாரும் இல்லை. இரண்டு வருஷமாக யாரோ இருக்கிற மாதிரியே நான் பேசிக்கொண்டிருந்தேன். அவள் நிஜமாகவே வந்து, என் பக்கம் திரும்பி, வாயைத் திறந்தாள். நான் பேசவிடவில்லை.